வக்கீலுக்குத் தாராள மனம் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

22 ஆண்டுகள் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக வேலை பார்த்தேன். உள்ளறையில் கேட்கத் தயங்கும் கேள்விகளைக் கட்சிக்காரர்கள் வெளியறையில் என்னிடம் கேட்பார்கள். பெரும்பாலும் பீஸைப் பற்றி, அதற்கு அடுத்தபடியாக வக்கீலின் மனத்தைப் பற்றி. ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வந்ததால், அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். நான் வேலை பார்த்தவரைச் 'சீனியர்' என்றே குறிப்பிடுகிறேன்.

உண்மையைச் சொல்லுங்கள், வக்கீல்களில் தாராளமானவர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். எல்லாரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் வக்கீலின் தாராளம் பணமாக வெளியே வருவது குறைவு. நேரமாக வரும், உழைப்பாக வரும், சில சமயம் 'இந்த வழக்கு உங்களுக்கு வேண்டாம்' என்ற ஒரே வாக்கியமாக வரும். அதனால் பெற்றுக்கொண்டவருக்கே அது தாராளம் என்று தெரியாமல் போய்விடுகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை கேஸ் கட்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்பும் நேரத்தில் ஒரு பெண் வந்தார். அவர் வெளியே போயிருந்தபோது கணவர் வீட்டுக் கதவின் பூட்டை மாற்றிவிட்டார். பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள் உள்ளே. அவர் கையில் இருந்தது ஒரு துணிப்பையும், இனி எந்தக் கதவையும் திறக்காத ஒரு சாவியும். சீனியர் அன்று ஒரு திருமணத்துக்குப் போக வேண்டியவர். மாற்று உடை நாற்காலியில் மடித்தபடியே கிடக்க, இரவு 11 மணி வரை உட்கார்ந்து மனு எழுதினார். நான் தட்டச்சு செய்தேன். திங்கட்கிழமை முதல் வேலையாகத் தாக்கல் செய்தோம். அந்த வாரமே வீட்டுக்குள் போக இடைக்கால உத்தரவு கிடைத்தது. பீஸ் புத்தகத்தில் அவர் பெயருக்கு எதிரே எதுவும் எழுதப்படவில்லை.

அப்படியானால் வக்கீலைப் பற்றி ஏன் இவ்வளவு நகைச்சுவை?

இது நேற்று தொடங்கியதல்ல. பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் 1253 முதல் 1303 வரை வாழ்ந்த ஈவோ என்பவர் ஏழைகளுக்காக வாதாடிப் பெயர் பெற்றவர். 1347இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. வழக்கறிஞர்களின் காவல் புனிதர் அவர்தான். அவரைப் பற்றி வழங்கும் லத்தீன் வரிகளின் பொருள் இது: 'ஈவோ பிரிட்டனிக்காரர், வழக்கறிஞர், ஆனால் திருடர் அல்லர், மக்களுக்கு அது பெரும் வியப்பு.' புனிதராக்கிப் புகழும்போதுகூட ஊர் சிரிக்காமல் விடவில்லை.

காரணம் எனக்குப் புரிகிறது. வக்கீலைத் தேடி யாரும் மகிழ்ச்சியான நாளில் வருவதில்லை. வழக்கு என்றால் ஒரு தரப்பு தோற்றே ஆக வேண்டும்; தோற்றவர் தன் வக்கீலையும் மன்னிப்பதில்லை, எதிர் வக்கீலையும் மன்னிப்பதில்லை. போதாததற்கு, தன் வாழ்க்கையையே பேசும் ஒரு தாளைத் தன்னால் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்ற அவமானம் வேறு. இந்த மூன்றும் சேர்ந்தால் மனிதன் சிரித்துத்தான் ஆற்றிக்கொள்ள முடியும். அந்தச் சிரிப்பை நான் ஒருபோதும் குறை சொன்னதில்லை.

நன்கொடை கேட்கப் போனவரை வக்கீல் மடக்கிய கதை உண்மையா?

பல நாடுகளில் உலவும் கதை அது. பணக்கார வக்கீலிடம் நன்கொடை கேட்டு ஒருவர் போகிறார். 'என் தாய் நோயாளி, அண்ணனுக்குக் கண் தெரியாது, தங்கை கணவனை இழந்து மூன்று குழந்தைகளோடு தவிக்கிறாள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?' என்கிறார் வக்கீல். வந்தவர் கூனிக் குறுகி, 'மன்னியுங்கள், தெரியாது' என்கிறார். 'அவர்களுக்கே நான் ஒன்றும் கொடுப்பதில்லை. உங்களுக்கு எப்படிக் கொடுப்பேன்?'

உண்மையில் யாருக்கும் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கதை கெட்டிக்காரத்தனமானது. வக்கீலின் வாதத் திறமையை ஒப்புக்கொண்டு, அந்தத் திறமை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேட்கிறது. இதை என்னிடம் முதலில் சொன்னவர் சீனியரே. சொல்லி முடித்ததும், 'இதே வாயால் அந்தத் தங்கைக்கு ஜீவனாம்சம் வாங்கித் தந்திருக்கலாம்' என்றார்.

பீஸ் வாங்குகிறவரை எப்படித் தாராளமானவர் என்பது?

பீஸே கூடாது என்று சட்டம் போட்டுப் பார்த்த நாடும் உண்டு. பண்டைய ரோமில் கி.மு. 204இல் வந்த சின்சியன் சட்டம், வாதாடுவதற்காகப் பணமோ பரிசோ வாங்குவதைத் தடை செய்தது. நடந்தது என்ன? முன்வாசலில் நின்ற பணம் பின்வாசல் வழியாக வந்தது. கி.பி. 47இல் கிளாடியஸ் பேரரசர் 10,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) வரை வாங்கலாம் என்று வரம்பு கட்டி விஷயத்தை முடித்தார். இங்கிலாந்தில் பாரிஸ்டரின் பீஸ் கூலி அல்ல, மரியாதைக் காணிக்கை என்ற கருத்து நெடுங்காலம் இருந்தது. கட்சிக்காரர் ஏமாற்றினால் பாரிஸ்டர் வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. 1990இல் வந்த சட்டம்தான் அதை மாற்றியது.

வக்கீலும் வாடகை கொடுக்கிறார், புத்தகம் வாங்குகிறார், குமாஸ்தாவுக்குச் சம்பளம் தருகிறார். பீஸ் கொடுக்கும் பத்துப் பேர்தான் கொடுக்க முடியாத பதினோராவது ஆளின் வழக்கைத் தாங்குகிறார்கள். என் பார்வையில், ஒழுங்காகப் பீஸ் வாங்குகிற வக்கீலால்தான் நீண்ட நாள் தாராளமாக இருக்க முடியும்.

ஒரு சின்னச் சந்தேகம் கேட்டேன். அதற்குமா காசு?

பல வக்கீல்கள் வாங்குவதில்லை. சீனியரைத் திருமண வீட்டில், மருத்துவமனை வரிசையில், ஒரு முறை துக்க வீட்டு வாசலில்கூட நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள். நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்.

ஆனால் கேட்பவருக்குச் சின்னதாகத் தெரிவது வக்கீலுக்குச் சின்னதாக இருப்பதில்லை. 'பாட்டி எழுதிய உயில் செல்லுமா?' என்று ஒரு மூச்சில் கேட்டுவிடலாம். பதில் சொல்ல உயிலைப் பார்க்க வேண்டும், சாட்சிகள் யார் என்று தெரிய வேண்டும், சொத்து எப்படி வந்தது என்று பழைய பத்திரங்களைப் புரட்ட வேண்டும். பார்க்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்லி, அதை நம்பி நீங்கள் காலக்கெடுவைத் தவறவிட்டால் பாதிக்கப்படுவது நீங்கள்தான். 'காகிதத்தோடு அலுவலகத்துக்கு வாருங்கள்' என்று சொல்பவர் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை.

இலவச வழக்கை அரைமனதோடுதான் நடத்துவார்களாமே?

நியாயமான பயம். பணத்துக்கும் ஈடுபாட்டுக்கும் உறவு உண்டு என்பதை ஆபிரகாம் லிங்கனே ஒப்புக்கொண்டிருக்கிறார். சட்டத் தொழிலைப் பற்றி அவர் எழுதிவைத்த குறிப்புகளில், முழுப் பீஸையும் முன்கூட்டியே வாங்காதீர்கள், வாங்கிவிட்டால் வழக்கில் பழைய ஆர்வம் இருக்காது என்று எச்சரிக்கிறார். அதே லிங்கன் 1858இல், பழைய நண்பரின் மகன் ஒருவன் கொலைக் குற்றம் சாட்டப்பட்டபோது பீஸ் வாங்காமல் வாதாடினார். நிலா வெளிச்சத்தில் எல்லாவற்றையும் தெளிவாகப் பார்த்தேன் என்றான் முக்கியச் சாட்சி. லிங்கன் ஒரு பஞ்சாங்கத்தை நீதிமன்றத்தில் எடுத்து நீட்டினார். அந்த நேரத்தில் நிலா அடிவானத்தை நெருங்கிவிட்டிருந்தது. அந்த இளைஞன் விடுதலையானான். அரைமனது உள்ளவர் பஞ்சாங்கத்தைத் தேட மாட்டார்.

நான் கண்ணால் பார்த்ததும் உண்டு. ஓர் இரவுக் காவலாளியை, ஒழுங்காக வேலைக்கு வரவில்லை என்று சொல்லி நீக்கிவிட்டார்கள். ஆதாரமாக மூன்று ஆண்டு வருகைப் பதிவேட்டின் நகலைக் கொடுத்தார்கள். சீனியர் நகலோடு நிற்காமல், மூலப் பதிவேட்டைப் பார்வையிட அனுமதி வாங்கினார். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு இரண்டு மதியப் பொழுதுகள் பக்கம் பக்கமாகப் பார்த்தார். 'வரவில்லை' என்ற குறிகள் எல்லாம், எட்டு மாத இடைவெளியில் இருந்தவைகூட, ஒரே ஊதா மையில் ஒரே சாய்வில் இருந்தன. மற்ற குறிகள் நீல மையில். ஒரே நாளில் உட்கார்ந்து போடப்பட்ட குறிகள் என்று அவர் காட்டியதும் எதிர்த் தரப்பு சமரசத்துக்கு வந்தது. அந்தக் கட்டின் மேல் பீஸ் எழுதும் இடத்தில் ஒரு கோடுதான் இழுத்திருந்தது. மற்றபடி பீஸ் கொடுத்தவர்களின் கட்டுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அரசு தரும் இலவச வக்கீல் தர்மம் செய்கிறாரா?

இல்லை. அது உங்கள் உரிமை. தலை குனிந்து கேட்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்ற ஏழைக்கு விசாரணையில் வக்கீல் மறுக்கப்பட்டது. அவர் சிறையில் இருந்தபடியே பென்சிலால் ஒரு மனு எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். நீதிமன்றம் நியமித்த ஏப் ஃபோர்டஸ் பீஸ் இல்லாமல் அவருக்காக வாதாடினார். கடும் குற்ற வழக்கில் வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்று 1963இல் தீர்ப்பு வந்தது. மறுவிசாரணையில் வக்கீலோடு நின்ற கிடியன் விடுதலையானார்.

இந்தியாவில் 1976இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 39ஏ பிரிவு இலவச சட்ட உதவியைச் சொல்கிறது. அதற்கான சட்டம் 1987இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோர் வருமான வரம்பு பார்க்காமலே உதவி பெறலாம். பலர் 'என் வருமானம் கொஞ்சம் கூடுதல், எனக்குக் கிடைக்காது' என்று தாங்களே முடிவு செய்து திரும்பிப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

கட்டாயப்படுத்திச் செய்ய வைத்தால் அது தாராளமா?

அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதி, ஆண்டுக்கு 50 மணி நேரமாவது பொதுநலனுக்காக இலவசமாக உழைக்க முயலுங்கள் என்கிறது. தவறினால் தண்டனை இல்லை. நியூயார்க் மாநிலம் ஒரு படி மேலே போய், புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர் பதிவு செய்யும் முன்பே 50 மணி நேரம் இலவசப் பணி செய்திருக்க வேண்டும் என்று விதித்தது. வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்தியப் பார் கவுன்சிலின் விதிகள், தன் பொருளாதார நிலைக்கு உட்பட்டு ஏழைக்கு இலவசமாக உதவுவதை வக்கீல் சமூகத்துக்குச் செய்ய வேண்டிய உயர்ந்த கடமைகளில் ஒன்றாகச் சொல்கின்றன.

கட்டாயத்தில் தொடங்குவது எனக்குத் தவறாகப் படவில்லை. சீனியரிடம் வந்த ஜூனியர் ஒருவர் முதல் இலவச வழக்கை முகம் சுளித்துத்தான் வாங்கினார். கட்சிக்காரரின் வீட்டை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு, அந்தக் கட்டை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை.

'வழக்குப் போடாதீர்கள்' என்று திருப்பி அனுப்பினால்? பயமா, சோம்பலா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. வக்கீல் தரக்கூடியவற்றிலேயே பெரிய கொடை இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் அதைச் சொல்லும் நொடியில் அவருடைய பீஸ் எழுந்து வாசலைத் தாண்டிப் போகிறது. லிங்கனின் அதே குறிப்புகளில், வழக்காடுவதை ஊக்குவிக்காதீர்கள், முடிந்தபோதெல்லாம் சமரசம் செய்யச் சொல்லுங்கள், அப்போதும் உங்களுக்குப் போதிய வேலை இருக்கும் என்று வருகிறது.

தென்னாப்பிரிக்காவில் காந்தி கையாண்ட முதல் பெரிய வழக்கு இரண்டு வணிகர்களுக்கு இடையிலானது. இருவரும் உறவினர்கள். வழக்கு நீண்டால் இருவருமே அழிவார்கள் என்று கண்டு, மத்தியஸ்தத்துக்குச் சம்மதிக்க வைத்தார். அவருடைய தரப்பு வென்றது. தோற்றவர் மொத்தத் தொகையையும் ஒரே தடவையில் கட்டினால் திவாலாகிவிடுவார். காந்தி தன் கட்சிக்காரரிடமே மன்றாடி, நீண்ட காலத் தவணைக்கு ஒப்புக்கொள்ள வைத்தார். வெற்றிக்குப் பிறகும் எதிர்த் தரப்புக்காகப் பேசுவது எவ்வளவு அரிது என்பது இந்தத் தொழிலின் அருகில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் அலுவலகத்துக்கு, பொது மாடிப்படியைக் காரணம் காட்டி அண்ணனும் தம்பியும் தனித்தனியாக வந்தார்கள். முதலில் வந்தவர் அண்ணன். சீனியர் வக்காலத்தில் கையெழுத்து வாங்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளில் வீட்டின் படத்தை வரையச் சொன்னார். வரைந்துகொண்டே வந்தவர், தம்பியின் சமையலறை ஜன்னலுக்கு நேரே படி போவதைத் தானே கண்டு பென்சிலை வைத்துவிட்டார். ஒரு தடுப்புச் சுவரோடு விஷயம் முடிந்தது. தம்பிக்கு வேறு வக்கீலைப் பார்க்கும் தேவையே வரவில்லை.

ஒரு கொலைகாரனுக்கு வாதாடுகிறவரையும் தாராளமானவர் என்பீர்களா?

முதலில், தீர்ப்பு வரும் வரை அவர் கொலைகாரர் அல்லர், குற்றம் சாட்டப்பட்டவர். இரண்டாவது, சில வழக்குகளில் வக்கீல் கொடுப்பது தன் நற்பெயரை. 1770இல் பாஸ்டன் நகரில் பிரிட்டிஷ் படையினர் சுட்டு ஐந்து பேர் இறந்தார்கள். ஊரே கொதித்தது. அந்தப் படையினருக்காக வாதாட முன்வந்தவர் ஜான் ஆடம்ஸ், அந்த ஊர்க்காரர், பிரிட்டிஷ் ஆட்சியை விமர்சித்தவர். தளபதியும் ஆறு படையினரும் விடுதலையானார்கள். இருவருக்குக் கொலையைவிடக் குறைந்த குற்றம் உறுதியானது. பின்னாளில் அவர் அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவரானார். ஆனால் வழக்கை ஏற்ற நாளில் அவருக்கு முன்னால் இருந்தது ஊராரின் கோபம் மட்டுமே.

பணம் போனால் மறுபடி வரும். பெயர் போனால் எளிதில் வராது. அதைப் பணயம் வைக்கிறவரை நான் தாராளமானவர் என்றுதான் சொல்வேன்.

இவ்வளவு நல்லவர்கள் என்றால் ஏன் வெளியே தெரிவதில்லை?

சொல்லக் கூடாது என்பதால். கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தைக் காப்பது வக்கீலின் கடமை. மருத்துவமனைக்கு நன்கொடை கொடுத்தவர் பெயரைக் கல்வெட்டில் பொறிக்கலாம். ஒரு பெண்ணை மறுபடி வீடு சேர்த்ததை வக்கீல் எங்கே பொறிப்பார்? முதல் பதிலில் வந்த பெண்ணைப் பற்றிக்கூட, அடையாளம் தெரியாதபடிதான் எழுதியிருக்கிறேன். கஞ்சத்தனத்துக்கு ஆயிரம் சாட்சிகள் வருவார்கள். தாராளத்துக்கு இருக்கும் ஒரே சாட்சியும் தன் துன்பம் வெளியே தெரியக் கூடாது என்று நினைப்பவர்.

பீஸ் குறைக்கச் சொல்லி எப்படிக் கேட்பது?

தொடக்கத்திலேயே, நேராக. 'என்னால் மாதம் இவ்வளவுதான் முடியும்' என்று உண்மையான தொகையைச் சொல்லுங்கள். வழக்கு பாதி போன பிறகு சொன்னால் இருவருக்கும் சங்கடம். அவரால் முடியாவிட்டால் சட்ட உதவிக்கு வழி கேளுங்கள். அதைச் சொல்ல மறுத்த வக்கீலை நான் பார்த்ததில்லை. நகல்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டு வந்தால் அவருடைய நேரம் மிச்சமாகும். அதுவும் பீஸைக் குறைக்கும்.

'இப்போது எதுவும் வேண்டாம், ஜெயித்தால் பங்கு கொடுங்கள்' என்றால் தாராளம்தானே?

அது வியாபாரப் பேச்சு. அமெரிக்காவில் விபத்து இழப்பீடு போன்ற வழக்குகளில் இந்தப் பங்கு முறை சட்டப்படி நடக்கிறது. கையில் பணமில்லாதவருக்குக் கதவையும் திறக்கிறது. இந்தியாவில் வழக்கின் முடிவை வைத்துப் பீஸ் பேசுவதைப் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. எங்கே இருந்தாலும் எழுத்தில் வாங்குங்கள்: பீஸ் எவ்வளவு, நீதிமன்றக் கட்டணம் யார் தலையில், தோற்றால் என்ன கொடுக்க வேண்டும். இரவுக் காவலாளியிடம் சீனியர் நகல் எடுத்த செலவை மட்டும் வாங்கினார், அதற்கும் ரசீது கொடுத்தார். இலவசம் என்பது இப்படித் தெளிவாக இருக்க வேண்டும்.

கட்சிக்காரரிடம் தாராளம், ஜூனியரிடம் கஞ்சம். இவரை என்ன சொல்வது?

இதைக் கேட்டவர் ஓர் இளம் வக்கீல், கண் கலங்கியபடி. இந்த இடத்தில் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது. காலை முதல் இரவு வரை ஓடவிட்டு, வாய்தா வாங்க அனுப்பி, மாதக் கடைசியில் பஸ் செலவுக்குக்கூடத் தராத சீனியர்கள் இருக்கிறார்கள். ஏழைக்கு இலவசமாக வாதாடுகிறேன் என்று அவர் சொல்லும்போது, அந்த இலவசத்தின் விலையைச் சுமப்பது ஜூனியர். அடுத்தவர் உழைப்பை எடுத்துக் கொடுப்பதைத் தாராளம் என்று என்னால் ஏற்க முடியாது. 'தொழில் கற்றுத் தருகிறேனே' என்ற பதிலும் பசிக்கு ஆகாது. சம்பளம் தரும் சீனியரைத் தேடிப் போங்கள் என்றேன். போனார்.

பீஸ் வாங்காமல் உதவிய வக்கீலுக்கு நான் என்ன செய்வது?

பரிசுப் பொருள் தேவையில்லை, பலருக்குச் சங்கடம்தான். வாய்தா நாளில் நேரத்துக்கு வாருங்கள். கேட்ட காகிதத்தை அன்றே கொடுங்கள். எதையும் மறைக்காதீர்கள். இலவச வழக்கில் கட்சிக்காரர் வராமல் போவதைப் போல வக்கீலை நோகடிப்பது வேறில்லை.

இன்னொன்றும் உண்டு. வழக்கு முடிந்த பிறகு வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று வந்து சொல்பவர்கள் மிகவும் குறைவு. பூட்டு மாற்றப்பட்ட அந்தப் பெண் மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு மாலை வந்தார். புது வழக்கோ என்று எண்ணி நான் கட்டு எடுக்க எழுந்தேன். அவர் கைப்பையைத் திறந்து ஒரு சாவியை எடுத்து சீனியரின் மேஜையில் வைத்தார். சொந்தச் சம்பளத்தில் எடுத்த வாடகை வீட்டின் சாவி. சீனியர் அதைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதைக் காட்டத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.